ஜாவா எழுதாமல் அப்பாச்சி சோலரில் தமிழ் நூல் தேடல் செயலி: படிப்படியான வழிகாட்டி

அப்பாச்சி சோலர் ஜாவாவில் எழுதப்பட்ட தேடல் எஞ்சின். அதற்கு அடியில் இயங்கும் லூசீன் என்ற தேடல் நிரல்தொகுப்பும் ஜாவாவில் எழுதப்பட்டதே. ஆயினும் சோலரைக் கொண்டு ஒரு தேடல் செயலியை உருவாக்கி முடிக்க ஜாவாவில் ஒரு வரிகூட எழுத வேண்டியதில்லை. எச்டிடிபி (உலாவிகள் பயன்படுத்தும் தொடர்பு முறை) வழியாக ஜேசன் என்ற உரை வடிவில் தரவு அனுப்பவும் பெறவும் தெரிந்த எந்த மொழியிலிருந்தும் அதை முழுமையாக இயக்கலாம். இந்த வழிகாட்டியில் மொழி பைத்தான், தரவு ஒரு நூலகத்தின் தமிழ் நூற்பட்டியல், சோலரின் பதிப்பு 9.

புதியவர்கள் இந்த வேலையில் தடுமாறுவதற்கு ஜாவா தெரியாமை காரணமாக இருந்ததை நான் அநேகமாகக் கண்டதில்லை. படிகளின் வரிசை மாறிப்போவதுதான் பெரும்பாலும் காரணம். சோலரை நிறுவிய உடனே தரவை உள்ளே தள்ளிவிட்டு, தேடல் சரியாக வராதபோது பின்னோக்கி வந்து புலங்களை, அதாவது தலைப்பு, நூலாசிரியர் போன்ற தரவுக் கூறுகளின் வரையறைகளைத் திருத்துகிறார்கள். ஆகவே கீழுள்ள வரிசையை மாற்றாமல் செல்லுங்கள்.

1. தொடங்கும் முன் கையில் இருக்க வேண்டியவை

கணினியில் ஜாவா 11 அல்லது அதற்கு மேற்பட்ட பதிப்பு வேண்டும். சோலர் இயங்குவதற்கு மட்டுமே அது தேவை, நீங்கள் அதைத் தொடப் போவதில்லை. பைத்தானும், எச்டிடிபி அழைப்புகளுக்கான அதன் ரிக்வெஸ்ட்ஸ் நிரல்தொகுப்பும் வேண்டும். சோலருக்கென பைசோலர் என்ற தனி நிரல்தொகுப்பும் உண்டு; ஆனால் முதல் முறை செய்பவர் ரிக்வெஸ்ட்ஸை மட்டும் கொண்டு செய்வதே நல்லது. சோலருக்கு என்ன போகிறது, சோலரிடமிருந்து என்ன வருகிறது என்பது அப்போதுதான் கண்ணுக்குத் தெரியும், பிழை வந்தால் அதைத் தேடும் இடமும் புரியும்.

இவற்றைவிட முக்கியமானது கேள்விப் பட்டியல். நூலகப் பணியாளரிடம் உட்கார்ந்து, வாசகர்கள் உண்மையில் எப்படிக் கேட்கிறார்கள் என்று இருபது முப்பது தேடல்களை எழுதி வாங்குங்கள். ஒவ்வொன்றுக்கும் முதல் பக்கத்தில் எந்த நூல் வர வேண்டும் என்பதையும் பக்கத்தில் குறியுங்கள். இந்தப் பட்டியல் இல்லாமல் தொடங்கினால், பின்னால் செய்யும் ஒவ்வொரு மாற்றமும் தேடலை மேம்படுத்தியதா கெடுத்ததா என்று சொல்ல வழியே இருக்காது.

2. தரவைச் சுத்தம் செய்தல்

சோலர் எழுத்துகளை உருவமாகப் பார்ப்பதில்லை, குறியீட்டு எண்களாகப் பார்க்கிறது. திரையில் ஒன்றுபோலத் தெரியும் இரண்டு சொற்கள் அதற்கு வெவ்வேறு சொற்களாக இருக்கக்கூடும். தமிழ்த் தரவில் இந்தச் சிக்கல் அதிகம் என்பதால் இந்தப் படியைச் சோலருக்கு வெளியே, பைத்தானில் செய்து முடித்துவிடுங்கள்.

பட்டியல் பாமினி, டிஸ்கி போன்ற பழைய எழுத்துருக் குறியாக்கத்தில் இருந்தால் முதலில் யூனிகோடுக்கு மாற்ற வேண்டும். எக்செல் கோப்பிலிருந்து எடுப்பதாக இருந்தால் யூடிஎஃப்-8 வகை சிஎஸ்வியாகவே சேமியுங்கள். சாதாரண சிஎஸ்வியாகச் சேமித்தால் தமிழ் எழுத்துகள் கேள்விக்குறிகளாகிவிடும். எக்செல் அந்தக் கோப்பின் தொடக்கத்தில் கண்ணுக்குத் தெரியாத ஒரு குறியை வைக்கும். பைத்தானில் அதற்கென்றே உள்ள குறியாக்கப் பெயரைக் கொடுத்துத் திறக்காவிட்டால் முதல் நெடுவரிசையின் பெயருடன் அந்தக் குறி ஒட்டிக்கொண்டு, ‘அப்படி ஒரு நெடுவரிசை இல்லை’ என்ற விளங்காத பிழை வரும். பதின்மூன்று இலக்க ஐஎஸ்பிஎன் எண்கள் சுருங்கி, இடையில் ‘E’ என்ற ஆங்கில எழுத்து நுழைந்த வடிவமாகியிருக்கின்றனவா என்பதையும் பார்த்துவிடுங்கள்.

அடுத்து, எல்லா உரையையும் யூனிகோடின் என்எஃப்சி வடிவத்துக்கு மாற்றுங்கள். ‘கொ’ என்பதில் உள்ள கொம்பும் காலும் ஒரே குறியீடாகவும் வரலாம், இரண்டு தனிக் குறியீடுகளாகவும் வரலாம்; என்எஃப்சி இரண்டையும் ஒன்றாக்கிவிடும். பைத்தானுடன் வரும் யூனிகோடேட்டா தொகுதியில் இது ஒற்றை வரி வேலை. பார்வைக்குத் தெரியாத பூச்சிய அகலக் குறிகளையும் தேடலுக்கான பிரதியிலிருந்து நீக்குங்கள். அவற்றுள் சில சொல்லை இரண்டாகப் பிளக்கும், சில சொல்லுக்குள்ளேயே ஒளிந்துகொண்டு அதை வேறு சொல்லாக்கும்.

என்எஃப்சி சரிசெய்யாத ஒரு பிழையும் உண்டு. ‘ஔவை’ என்பதைப் பலர் ஒகரத்துடன் ளகரத்தைச் சேர்த்து ‘ஒளவை’ என்று தட்டச்சு செய்கிறார்கள். ‘கௌரவம்’ என்பது ‘கெளரவம்’ ஆகிறது. எல்லா இடங்களிலும் ஒரே அடியாக மாற்றினால் ‘ஒளி’யும் ‘கெளுத்தி’யும் கெட்டுப்போகும். ஆகவே ‘ஒளவை’, ‘ஒளடத’, ‘கெளர’ எனச் சொல்லின் தொடக்கங்களைப் பட்டியலாக வைத்து, அவற்றை மட்டும் மாற்றுங்கள்.

இத்தனையையும் ஒரே பைத்தான் செயல்கூறாக எழுதுங்கள். வாசகர் தேடல் பெட்டியில் தட்டும் சொல்லும் அதே செயல்கூறின் வழியாகத்தான் சோலருக்குச் செல்ல வேண்டும். தரவை மட்டும் சுத்தம் செய்துவிட்டு வினவலை விட்டுவிடுவது மிகப் பரவலான பிழை.

3. நிறுவுதலும் கோர் உருவாக்குதலும்

சோலரின் சுருக்கக் கோப்பை விரித்து, பின் (bin) என்ற அடைவில் உள்ள சோலர் கட்டளையை ஸ்டார்ட் என்ற சொல்லுடன் இயக்கினால் போதும். உலாவியில் 8983 என்ற போர்ட்டில் நிர்வாகத் திரை திறக்கும். இயல்பான நினைவக ஒதுக்கீடு 512 எம்பி. ஒரு கிளை நூலகத்தின் பட்டியலுக்கு அது போதுமானது. பின்னர் கிரியேட் கட்டளையால் ஒரு கோர் உருவாக்குங்கள். கோர் என்பது தனக்கெனப் புல வரையறையும் இன்டெக்சும் (தேடலுக்கான சொல்லடைவு) கொண்ட ஓர் அலகு.

கோர் உருவானதும், தரவு எதையும் அனுப்பும் முன்னரே, தானாகப் புலம் உருவாக்கும் வசதியை நிறுத்துங்கள். இயல்பு அமைப்பில் சோலர் முதலில் வரும் மதிப்பைப் பார்த்துப் புலத்தின் வகையை ஊகிக்கும். முதல் நூலின் பதிப்பாண்டு 1935 என்றிருந்தால் அதை எண் என்று முடிவுசெய்துவிடும். சில நூறு நூல்களுக்குப் பிறகு ‘1935, இரண்டாம் பதிப்பு’ என்று ஒரு பதிவு வந்தவுடன் அந்தத் தொகுதி நிராகரிக்கப்படும். கான்ஃபிக் கட்டளையால் அப்டேட்.ஆட்டோகிரியேட்ஃபீல்ட்ஸ் (update.autoCreateFields) என்ற பண்பை இல்லை (false) என்று அமைத்தால் இந்த ஊகம் நின்றுவிடும். அதன்பின் நீங்கள் வரையறுக்காத புலம் வந்தால் சோலர் பிழை காட்டும். அந்தப் பிழை உங்களுக்கு நன்மையே. புலப் பெயரில் நேர்ந்த எழுத்துப் பிழைகள் அன்றே வெளிப்பட்டுவிடும்.

4. புலங்களைத் தீர்மானித்தல்

முதல் கேள்வி: ஓர் ஆவணம், அதாவது தேடல் முடிவில் ஒரு வரியாக வரும் பதிவு, எது? ஒரே நூலுக்கு ஐந்து பிரதிகள் இருந்தால் நூலகத்தில் ஐந்து பதிவு எண்கள் இருக்கும். பிரதி ஒவ்வொன்றையும் ஓர் ஆவணமாக வைத்தால் தேடல் முடிவில் ஒரே தலைப்பு ஐந்து முறை வரிசையாக நிற்கும். தலைப்பை ஓர் ஆவணமாகவும் பதிவு எண்களை அதனுள் பன்மதிப்புப் புலமாகவும் வைப்பதே வாசகருக்கு உதவும். இதைப் பின்னால் மாற்றுவது மிகக் கடினம் என்பதால், முடிவு செய்துவிட்டே அடுத்த படிக்குச் செல்லுங்கள்.

ஒவ்வோர் ஆவணத்துக்கும் மாறாத அடையாள எண் ஒன்று வேண்டும். அதே அடையாளத்துடன் மீண்டும் அனுப்பினால் சோலர் பழையதை நீக்கிப் புதியதை வைக்கும். வரிசை எண்ணை அடையாளமாகக் கொள்ளாதீர்கள்; பட்டியலின் நடுவில் ஒரு வரி சேர்ந்தாலே எல்லா அடையாளங்களும் நகர்ந்துவிடும்.

இனிப் புலங்கள். சோலரில் உரை வகைப் புலமும் ஸ்ட்ரிங் வகைப் புலமும் வெவ்வேறு வேலைக்கானவை. உரைப் புலம் சொற்களாகப் பிரிக்கப்படும், அதில் தேடலாம். ஸ்ட்ரிங் புலம் முழுமையாக, உள்ளபடியே வைக்கப்படும். அது வடிகட்டவும் எண்ணிக்கை காட்டவும் பயன்படும். நூலாசிரியர் பெயருக்கு இரண்டுமே தேவை என்பதால் ஒரு புலத்திலிருந்து மற்றொன்றுக்குக் காப்பிஃபீல்டு விதி எழுதுங்கள். அது மூல மதிப்பையே பிரதி எடுக்கும், சங்கிலித் தொடராக அடுத்தடுத்த புலங்களுக்குப் பாயாது. நூற்சுருக்கம் போன்ற நீண்ட உரையை ஸ்ட்ரிங் புலத்தில் வைக்க வேண்டாம். அதில் ஒரு மதிப்பு 32,766 பைட்டைத் தாண்டக் கூடாது, தமிழ்க் குறியீடு ஒவ்வொன்றும் மூன்று பைட் எடுக்கும்.

பதிப்பாண்டுக்கு எண் வகைப் புலம் ஒன்றும், அட்டையில் உள்ளபடி காட்ட ஸ்ட்ரிங் புலம் ஒன்றும் வையுங்கள். வரிசைப்படுத்துவதற்கெனத் தலைப்புக்கு ஒரு தனிப் புலம் வேண்டும், அங்கே ஒரு கவனம் தேவை. ஸ்ட்ரிங் புலத்தில் வரிசைப்படுத்தினால் சோலர் குறியீட்டு எண்ணின்படியே அடுக்கும். அப்போது பனை, பறவை, பள்ளி, பழம் என்று வரும். நம் அகராதி வரிசையோ பழம், பள்ளி, பறவை, பனை. அப்படியே தலைகீழ்! ஐசியு கொலேஷன் என்ற புல வகையைத் தமிழ் மொழிக் குறியுடன் வரையறுத்தால் இது சரியாகும். அதற்கு அனாலிசிஸ்-எக்ஸ்ட்ராஸ் தொகுதியைச் சூழல் மாறியில் குறித்துவிட்டுச் சோலரை மீண்டும் தொடங்க வேண்டும்.

இத்தனை வரையறையையும், புலங்களை மாற்றுவதற்கெனச் சோலரில் உள்ள ஸ்கீமா ஏபிஐ என்ற இடைமுகம் வழியாக ஜேசனாக அனுப்பலாம். நிர்வாகத் திரையில் கையால் சேர்க்காமல் ஒரு பைத்தான் கோப்பில் எழுதி வையுங்கள். கோரை அழித்துவிட்டு மீண்டும் உருவாக்கும் நாள் கட்டாயம் வரும். புலப் பெயர்களை ஆங்கில எழுத்திலும் அடிக்கோட்டிலும் மட்டும் அமையுங்கள்.

5. தமிழுக்கான பகுப்பாய்வுச் சங்கிலி

தேடலின் தரத்தை நிர்ணயிக்கும் படி இது. உரைப் புலத்துக்கு வரும் வரி முதலில் எழுத்து வடிகட்டி, பிறகு சொல் பிரிப்பான், பிறகு சொல் வடிகட்டிகள் என்ற வரிசையில் செல்லும். இவை யாவும் சோலருடன் ஆயத்தமாக வருகின்றன, பெயரைச் சொல்லி அடுக்கினால் போதும். புதிதாக ஒரு வடிகட்டியை உருவாக்க மட்டுமே ஜாவா வேண்டும், அந்தத் தேவை இங்கே எழவில்லை.

ஸ்டாண்டர்டு டோக்கனைசர் என்ற சொல் பிரிப்பான் தமிழ் உயிர்மெய்களை உடைக்காமல் சொற்களைப் பிரிக்கும். ஆனால் தலைப்பெழுத்துகளில் சிக்கல் உண்டு. ‘உ. வே. சாமிநாதையர்’ என இடைவெளியுடன் எழுதினால் மூன்று டோக்கன்கள், அதாவது தனிச் சொல் துண்டுகள், கிடைக்கும். ‘உ.வே.சாமிநாதையர்’ எனச் சேர்த்து எழுதினால், எழுத்துகளுக்கு இடையில் வரும் புள்ளியை அது பிரிப்பாகக் கருதாததால், முழுவதும் ஒரே டோக்கனாக நின்றுவிடும். பிறகு ‘சாமிநாதையர்’ என்று தேடுபவருக்கு அந்த நூல் கிடைக்காது. டோக்கனைசருக்கு முன்னால், புள்ளியை இடைவெளியாக மாற்றும் பேட்டர்ன் ரிப்ளேஸ் எழுத்து வடிகட்டியை வைத்தால் இது தீரும்.

டோக்கனைசருக்குப் பிறகு, ஆங்கிலத் தலைப்புகளுக்காகச் சிற்றெழுத்து வடிகட்டி. அதன் பிறகு ஒற்று நீக்கம். ‘புத்தகக் கடை’ என்பதில் முதல் சொல் ‘புத்தகக்’ என்று ககர ஒற்றுடன் நிற்கிறது. சொல்லின் கடைசியில் வரும் க், ச், த், ப் ஆகிய நான்கையும் நீக்கும் பேட்டர்ன் ரிப்ளேஸ் வடிகட்டி ஒன்றை இங்கே வையுங்கள். தமிழ்ச் சொற்கள் வல்லின மெய்யில் முடிவதில்லை என்பதால் இழப்பு குறைவு. ‘பிளாஸ்டிக்’ போன்ற சொல்லிலும் ஒற்று நீங்கும். ஆனால் தரவிலும் வினவலிலும் ஒரே மாதிரி நீங்குவதால் பொருத்தம் கெடாது.

கடைசியில் ஸ்னோபால் வேர்ச்சொல் வடிகட்டியை தமிழ் மொழியுடன் சேர்க்கலாம். வேற்றுமை உருபுகளை அது வெட்டும். விதிகளை மட்டும் கொண்டு வெட்டுவதால் சில சமயம் அதிகமாகவும் வெட்டும், பெயர்களில் அது தொல்லை. ஆகவே தலைப்புக்கு இரண்டு புலங்கள் வையுங்கள்: வேர்ச்சொல் வெட்டாதது ஒன்று, வெட்டியது ஒன்று. நூலாசிரியர் புலத்தில் வெட்டவே வேண்டாம்.

இந்த அடுக்கில் ஒற்று நீக்கத்தை ஸ்னோபாலுக்குப் பின்னால் வைத்தால், அது ஒற்று ஒட்டிய சொல்லைப் பெற்று வேறு விதமாக வெட்டிவிடும். வரிசையில் ஐயம் எழுந்தால் நிர்வாகத் திரையில் உள்ள அனாலிசிஸ் பக்கத்தைத் திறந்து, ஒரு பக்கம் நூற்பெயரையும் மறு பக்கம் வினவலையும் இட்டுப் பாருங்கள். ஒவ்வொரு வடிகட்டியின் பிறகும் சொல் எப்படி மாறுகிறது என்பது அங்கே வரிவரியாகத் தெரியும். உங்கள் கேள்விப் பட்டியல் முழுவதையும் இந்தப் பக்கத்தில் ஓட்டிப் பார்த்த பிறகே தரவை அனுப்புங்கள்.

‘சாமிநாதையர்’, ‘சுவாமிநாதையர்’ போன்ற மாற்று வடிவங்களுக்கு நிர்வகிக்கப்படும் ஒத்தசொல் வடிகட்டி உண்டு. பட்டியலை எச்டிடிபி வழியாகவே மாற்றலாம். வினவலின் பக்கம் மட்டும் அதைச் சேருங்கள். அப்போது பட்டியல் மாறினால் கோரை மறுபடி ஏற்றுவதோடு முடிந்துவிடும், தரவை மீண்டும் அனுப்ப வேண்டியதில்லை.

6. தரவை அனுப்புதல்

முதலில் ஐம்பது நூல்களை மட்டும் அனுப்பிச் சோதியுங்கள். பிறகு ஐந்நூறு அல்லது ஆயிரம் ஆவணங்கள் கொண்ட தொகுதிகளாக, ஜேசன் பட்டியலாக அப்டேட் முகவரிக்கு அனுப்புங்கள். கமிட் என்ற உறுதிசெய்யும் கட்டளையைக் கொடுக்கும் வரை அனுப்பியது தேடலில் தெரியாது. ‘தரவு போய்விட்டது, ஆனால் எதுவும் கிடைக்கவில்லை’ என்ற முறையீட்டுக்கு முக்கால்வாசி நேரம் இதுவே காரணம். அதற்காக ஆவணத்துக்கு ஒரு கமிட் செய்யாதீர்கள். ஒவ்வொரு கமிட்டிலும் சோலர் புதிய தேடல் பார்வையைத் திறப்பதால் வேகம் வெகுவாகக் குறையும். எல்லாம் முடிந்தபின் ஒரு கமிட் போதும்.

ஒவ்வொரு பதிலின் நிலை எண்ணையும் சோதித்து, 400 (கோரிக்கையில் பிழை) வந்தால் பதிலின் உரையைக் கோப்பில் எழுதுங்கள். எந்த ஆவணம், எந்தப் புலம் என்பது பெரும்பாலும் அதிலேயே இருக்கும்.

நூலகத்திலிருந்து நீக்கப்பட்ட நூல்கள் சோலரில் தாமாக நீங்குவதில்லை. ஒவ்வோர் ஆவணத்திலும் அனுப்பிய நேரத்தை ஒரு புலத்தில் இட்டு, முழு ஓட்டம் பிழையின்றி முடிந்த பிறகு, அந்த ஓட்டத்துக்கு முந்தைய நேரம் கொண்டவற்றை வினவல் வழியே நீக்குங்கள். ஓட்டம் பாதியில் நின்றிருந்தால் இந்த நீக்கத்தைச் செய்யவே கூடாது.

7. வினவலை அமைத்தல்

வாசகர் தட்டும் இயல்பான சொற்களுக்கு இடிஸ்மேக்ஸ் என்ற வினவல் முறை பொருத்தமானது. எந்தப் புலங்களில் தேடுவது, எதற்கு எவ்வளவு எடை என்பதைக் கியூஎஃப் அளவுருவில் சொல்ல வேண்டும். வெட்டாத தலைப்புக்கு 6, நூலாசிரியருக்கு 5, வெட்டிய தலைப்புக்கு 3, சுருக்கத்துக்கு 1 என்று தொடங்கி, கேள்விப் பட்டியலை வைத்துத் திருத்துங்கள். கியூஎஃப் பட்டியலில் ஸ்ட்ரிங் புலத்தைச் சேர்க்காதீர்கள். மற்றப் புலங்கள் வினவலைச் சொற்களாகப் பிரிக்கையில் அது முழு வினவலையும் ஒரே துண்டாக எடுப்பதால், சொற்பொருத்தக் கணக்கு குழம்பிவிடும்.

எத்தனை சொற்கள் பொருந்த வேண்டும் என்பதை எம்எம் அளவுரு முடிவு செய்கிறது. இரண்டு சொல் வரை எல்லாம் பொருந்த வேண்டும், அதற்கு மேல் 75 விழுக்காடு என்று வைப்பது நூற்பட்டியலுக்கு ஏற்றது. அப்போது நான்கு சொற்களில் மூன்று பொருந்தினால் நூல் வரும். எல்லாமே பொருந்த வேண்டும் என்று வைத்தால் ஒரு சொல் தவறினாலும் வெற்றுப் பக்கம் வரும். ஒன்று பொருந்தினால் போதும் என்றால் தொடர்பில்லாத நூல்கள் நிறைந்துவிடும்.

மொழி, ஆண்டு, நூலாசிரியர் போன்ற வடிகட்டல்களை எஃப்கியூ அளவுருவில் தனியாகக் கொடுங்கள். அவை தரவரிசை மதிப்பெண்ணைப் பாதிக்காது, சோலர் அவற்றைத் தனியே நினைவிலும் வைத்துக்கொள்ளும். வினவலை போஸ்ட் முறையில் அனுப்புவது நல்லது. முகவரியில் வைத்தால் ஒரு தமிழ்க் குறியீடு ஒன்பது எழுத்துகளாக விரியும்.

வரிசை ஏன் இப்படி வந்தது என்று விளங்காதபோது டீபக்குவெரி (debugQuery) அளவுருவைச் சேர்த்துப் பாருங்கள். ஒவ்வொரு நூலுக்கும் எந்தப் புலத்திலிருந்து எவ்வளவு மதிப்பெண் வந்தது என்ற கணக்கு முழுவதும் வரும். எடையை ஊகத்தில் மாற்றுவதைவிட இந்தக் கணக்கைப் பொறுமையாகப் படிப்பது நேரத்தை மிச்சப்படுத்தும்.

8. சோலருக்கும் வாசகருக்கும் நடுவில்

உலாவியிலிருந்து சோலரை நேரடியாக அழைக்கும்படி ஒருபோதும் அமைக்காதீர்கள். தேடும் முகவரிக்கு அடுத்தே அப்டேட் முகவரியும் இருக்கிறது, எல்லாவற்றையும் நீக்கு என்ற ஒற்றை வரியை அங்கே அனுப்பினால் உங்கள் இன்டெக்ஸ் காலியாகிவிடும். சோலர் 9 இயல்பாகத் தன் கணினிக்குள்ளிருந்து வரும் அழைப்புகளை மட்டுமே ஏற்கும். ‘வெளியிலிருந்து திறக்கவில்லை’ என்று சொல்லி அந்தப் பூட்டைக் கழற்றிவிடுபவர்கள் உண்டு, அதைச் செய்யாதீர்கள். நடுவில் ஃபிளாஸ்க் போன்ற வலைக் கட்டமைப்பில் எழுதிய சிறு பைத்தான் செயலி இருக்கட்டும். அது வாசகரின் சொல், பக்க எண், வடிகட்டி ஆகிய மூன்றை மட்டும் பெற்று, மற்ற அளவுருக்களைத் தானே நிரப்ப வேண்டும்.

பக்க எண்ணுக்கு ஓர் உச்ச வரம்பு வையுங்கள். ஆயிரமாவது பக்கத்தைக் கேட்டால் அதற்கு முன்னுள்ளவை அனைத்தையும் சோலர் அடுக்க வேண்டியிருக்கும். முழுப் பட்டியலையும் இறக்க வேண்டிய தேவைக்கு, முன்பு நின்ற இடத்திலிருந்து தொடரும் கர்சர்மார்க் முறை உள்ளது. முடிவுகளில் தேடிய சொல்லை முனைப்பாகக் காட்டும்போது எச்டிஎம்எல் குறியாக்கத்தை இயக்கிவிடுங்கள். தரவில் உள்ள கோணக் குறிகள் பக்கத்தைக் குலைக்காமல் இருக்கும்.

முடிவே வராத தேடல்களை ஒரு கோப்பில் பதிவு செய்யுங்கள். ஒத்தசொல் பட்டியலுக்கும் எழுத்துத் திருத்தப் பட்டியலுக்கும் இதைவிடச் சிறந்த மூலம் எனக்குத் தெரிந்து இல்லை.

9. பின்னர் மாற்றங்கள் செய்யும்போது

தரவின் பக்கமுள்ள பகுப்பாய்வுச் சங்கிலியையோ புல வகையையோ மாற்றினால், ஏற்கெனவே உள்ள ஆவணங்கள் பழைய விதிப்படியே கிடக்கும். தரவை மீண்டும் முழுவதும் அனுப்பினால்தான் மாற்றம் நடைமுறைக்கு வரும். ஆகவே மூலத் தரவு எப்போதும் சோலருக்கு வெளியே இருக்க வேண்டும். சோலரை ஒரே சேமிப்பிடமாக நம்பக் கூடாது.

இயங்கிக்கொண்டிருக்கும் செயலியில் மறு இன்டெக்ஸ் செய்ய, பக்கத்தில் இன்னொரு கோர் உருவாக்கி, புதிய வரையறையுடன் அதில் தரவை நிரப்புங்கள். கேள்விப் பட்டியலை அந்தக் கோரின் மீது ஓட்டி, எதிர்பார்த்த நூல்கள் வருகின்றனவா என்று பாருங்கள். சரியாக இருந்தால் கோர் நிர்வாக ஏபிஐயின் ஸ்வாப் கட்டளையால் இரண்டின் பெயர்களையும் மாற்றிவிடுங்கள். வாசகர்களுக்குத் தேடல் ஒரு கணமும் நிற்காது. புதியதில் குறை தெரிந்தால் அதே கட்டளையை மறுபடி கொடுத்துப் பழையதற்குத் திரும்பலாம் என்பதால், பழைய கோரைச் சில நாள்கள் அழிக்காமல் வைத்திருங்கள்.